றோமாபுரியில் ஒரு கறுப்பு அணில்

மேசை முழுக்கப் படங்கள். எல்லாவற்றிலும் ஒரே மனிதர். எல்லாவற்றிலும் அவருக்குப் பின்னால் உடைந்த கல்.

“உது றோம்,” என்றார் பாலேஸ்வரி, விரலால் தொடாமல் கண்ணால் காட்டி. “உது பொம்பெய். எரிமலை வந்து மூடின ஊராம். மற்றது பிரான்சிலை, பேர் என்ரை வாயிலை வருகுதில்லை. வன்னியிலை சனம் எரிஞ்சுகொண்டிருக்கு. என்ரை மனிசன் ரண்டாயிரம் வருசத்துக்கு முந்தி எரிஞ்ச ஊரைப் பாக்கப் போயிருக்கிறார்.”

துப்பறிவாளர் மரியரட்ணம் படங்களைத் தன் பக்கம் இழுத்தார். கொழும்பில் காப்புறுதிக் கொம்பனி ஒன்றுக்காக, எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்தும் அந்த மூக்கு அடங்கவில்லை. சேலைக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, கதவில் தன் பெயர், கீழேயிருந்து கொத்துரொட்டிக் கடையின் தகரச் சத்தம். இவ்வளவுதான் அவருடைய அலுவலகம். வருகிற ஆட்கள் அழுதால் குறுக்கே பேசக்கூடாது என்பது தொழிலில் அவர் படித்த முதல் பாடம். பாலேஸ்வரி அழவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி, வன்னியில் போரின் கடைசி நாட்கள். அந்த மாதத்தைக் கடந்து வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது பிறக்காத பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவும் இல்லை. ரொறன்ரோவில் தமிழ்ச் சனம் சமைத்ததைச் சாப்பிடாமல் எடுத்து வைத்த மாதம். வேலைக்குப் போனவர்கள் கழிப்பறைக்குள் நின்று வானொலி கேட்ட மாதம். போன கிழமைதான் சனம் பிள்ளை குட்டிகளோடு ஏறிப்போய், போரை நிறுத்தச் சொல்லிப் பெருந்தெருவை மறித்து உட்கார்ந்தது. பாலேஸ்வரியும் அங்கே உட்கார்ந்திருந்தார். பெருந்தெரு திறந்துவிட்ட பிறகும், நாள் தவறாமல் யூனிவேர்சிட்டி அவெனியூப் போராட்டத்தில் போய் நிற்கிறார், மகனின் பெரிய படத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு.

மகன் பெயர் ராகுலன். சமாதான காலத்தில், கிளிநொச்சிப் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கப் போகிறேன் என்று இங்கிருந்து போன பெடியன். போனவன் திரும்பவில்லை. மாசி மாதத்துக்குப் பிறகு அவனுடைய குரலும் இல்லை.

“இவர் ஊரிலை சரித்திரம் படிப்பிச்ச வாத்தியார்,” என்றார் பாலேஸ்வரி. “நவரட்ணம் மாஸ்ரர் எண்டால் அங்கை தெரியாத ஆக்கள் இல்லை. இஞ்சை வந்து கார்த் தரிப்பிடத்திலை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருந்தார். பென்சன் எடுத்தவுடனை றோமாபுரி பாக்க வேணும் எண்டது ஒண்டுதான் ஆசை. போன வருசமே பஸ் சுற்றுலாவுக்கு எழுதி வைச்சவர். நாடு இந்த நிலையிலை கிடக்க மனிசன் போகாதெண்டு நான் நினைச்சன். சித்திரைக் கடைசியிலை பெட்டியைத் தூக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார் அண்ணை. கோயிலிலை சனம் என்னைக் கேக்குது, மாஸ்ரர் றோமிலை சுகமோ எண்டு.”

“போன் எடுக்கிறவரோ?”

“இல்லை. ஈமெயில் மட்டும். கௌசி, என்ரை மகள், பிரிண்ட் பண்ணித் தாறாள்.”

வாசலருகே சுவரில் சாய்ந்து நின்ற பரணி தொண்டையைச் செருமினான். மதுரைப் பையன். மென்பொருள் வேலைக்கு வந்து, போன வருடப் பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போய், இப்போது மரியரட்ணத்தின் உதவியாளன், சாரதி, வாயாடி மூன்றும் அவனே. “ஆன்ட்டி, நீங்க அவர்மேல சந்தேகப்படுறதுக்கு இந்தப் படம் மட்டும்தானா காரணம்?”

பாலேஸ்வரி ஒரு படத்தை அவன் பக்கம் தள்ளினார். “தாடியைப் பாரும் தம்பி. ஊரடங்குச் சட்டத்துக்குள்ளையும் விடிய எழும்பிச் சவரம் எடுத்த மனிசன். இப்ப ஆருக்கு வடிவு காட்டத் தாடி வைக்கிறார்? படம் எடுக்கிறது ஆர்? ஒரு மனிசி இருக்கோ இல்லையோ, எனக்குத் தெரிய வேணும்.”

கைப்பையிலிருந்து குடும்பப் படம் ஒன்றையும் எடுத்து வைத்தார். தாய், தகப்பன், நடுவில் நாடி கூரான முகத்தோடு ஒரு பெண்பிள்ளை. “ஆனியிலை கௌசிக்குக் கலியாணம். மாப்பிள்ளை பகுதி ஸ்ரௌவ்வில் ஊர்ச் சனம். தாரை வாக்கத் தேப்பன் வேணும். எவளோடையோ நிண்டிட்டு வந்து என்ரை பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக் குடுக்க நான் விடமாட்டன். ஒருத்தி இருந்தால் இருக்கு எண்டு சொல்லுங்கோ. நான் தாங்குவன்.”

கடைசிச் சொல்லை அவர் இரண்டு தரம் சொன்னார்.

*

அவர் படியிறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து பரணி நாற்காலியில் விழுந்தான்.

“சிம்பிள் கேஸ் சார். ரிட்டயர்டு வாத்தியார், புதுத் தாடி, ஐரோப்பா டூர். எவளோ ஒரு இத்தாலிக்காரி பாஸ்தா கிண்டிக் குடுத்துட்டு இருக்கா.”

“நீ றோமுக்குப் போனனியோ?”

“மதுரைல இருந்து நேரா ஸ்காபரோ சார். நடுவுல ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்ல ஒரு காபி. அதுவும் கசப்பு.”

“நான் போனனான். ஜூபிலி வருசம், எங்கடை கோயில் ஆக்களோடை பஸ்ஸிலை.” மரியரட்ணம் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கினார். “சரி, மாஸ்ரர் எழுதினதை வாசி.”

பரணி கடதாசியை எடுத்து, மேடைப் பேச்சுக்காரன்போல் நெஞ்சை நிமிர்த்தினான். “கொலோசியம் எனும் இவ்வரங்கத்தை வெஸ்பாசியன் கட்டத் தொடங்கினான். அவன் மைந்தன் தீத்து நிறைவு செய்தான். ஐம்பதினாயிரம் பேர் அமர்ந்திருக்கலாம்.” பக்கத்தைத் திருப்பினான். “பொம்பெயிலும் இதே கதைதான் சார். சாம்பல், வீதி, குளியல் மண்டபம். எனக்கு பத்தாங்கிளாஸ் வரலாறு பரீட்சை ஞாபகம் வருது.”

“கால் எங்கை?”

“எந்தக் கால்?”

“மாஸ்ரற்றை கால். அந்த ஊர்த் தெருக்களிலை போட்டிருக்கிற கல்லு ஒவ்வொண்டும் ஒரு முழுப் பாண், அதுதான் உங்கடை பிரெட், அளவு. வண்டிச் சில்லு ஓடி ஓடி வழுக்கும். வழிகாட்டுறவள் குடையை உயத்திப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை ஓடுவாள், நாங்கள் செம்மறியள் மாதிரிப் பின்னாலை. பின்னேரம் எங்கடை ஆக்கள் அவ்வளவு பேரும் விழுந்து கிடந்த தூணிலை குந்தியிருந்து காலைப் பிடிச்சவை. சுவாமியார்கூட. நான் வீட்டுக்கு எழுதின முதல் வசனமே சப்பாத்துக் கடியைப்பற்றி. ரண்டாவது, சோறு இல்லை எண்டது. வத்திக்கான் நாலாவதாத்தான் வந்தது.”

பரணி சிரித்தான். மரியரட்ணம் சிரிக்கவில்லை. “அறுபத்தைஞ்சு வயசு மனிசன். ஒரு இடத்திலை கால் நோகேல்லை, ஒரு இடத்திலை சோத்துக்கு அலையேல்லை. ராசாக்கள் மட்டும்தான் இருக்கினம். போனவன் காலைப்பற்றி எழுதுவான், தம்பி. போகாதவன்தான் ராசாவைப்பற்றி எழுதுவான்.”

“அப்ப படம்?”

“உந்தப் படத்திலை தூணின்ரை அடியைப் பார்.”

பரணி பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தான். “பூனை சார்.”

“றோமிலை எண்டால் பூனையாத்தான் இருக்கும். இடிஞ்ச கோயிலுக்குள்ளை பூனையள்தான் இப்ப ராச்சியம். வடிவாப் பார்.”

பரணி வடிவாகப் பார்த்தான். கண்ணாடியைக் கீழே வைத்தான். “அணில். கறுப்பு அணில். என் பால்கனிக்கு தினம் வந்து குப்பைப் பையைக் கிழிக்கிற அதே களவாணி.” திரும்பவும் எடுத்துப் பார்த்தான். இந்தத் தடவை அணிலை விட்டுத் தூணைப் பார்த்தான். “சார். எனக்கு இந்தத் தூணைத் தெரியும்.”

“எப்பிடி?”

“சனி ஞாயிறு கல்யாண வீடியோக்காரர் ஒருத்தருக்கு வெள்ளைத் தட்டி பிடிக்கப் போறேன்ல. மாப்பிள்ளை மூஞ்சில வெளிச்சம் விழணும்னு. உங்க ஸ்காபரோத் தமிழர்ல பாதிப் பேரு இந்தத் தூண்ல சாஞ்சு நின்னுதான் பொண்டாட்டியைக் காதலாப் பாக்கறாங்க. போன ஆவணில ஒரு மாப்பிள்ளை இதே இடத்துல வேட்டி அவுந்து நின்னார் சார். கில்ட் பார்க். இங்கேர்ந்து கார்ல கொஞ்ச நேரம்.”

“கடல் தெரியிற படம்?”

“ஒன்ராறியோ ஏரி சார். மத்தியதரைக் கடலா புரமோஷன் குடுத்திருக்கார்.”

*

ரொறன்ரோவில் ஒரு காலத்தில் பழைய வங்கிகளையும் மாளிகைகளையும் இடித்துத் தள்ளியபோது, அவற்றின் தூண்களையும் வளைவுகளையும் குப்பைக்குப் போகவிடாமல் கொண்டுவந்து ஏரிக்கரைப் பூங்காவில் நட்டு வைத்திருக்கிறார்கள். கதவு இருக்கும், வீடு இருக்காது. சிங்க முகம் இருக்கும், சுவர் இருக்காது. நடுவே ஒரு வங்கியின் சலவைக்கல் தூண்களை வட்டமாக நிறுத்தி, மேடை கட்டி, உண்மையான கிரேக்க அரங்கம்போலவே செய்திருக்கிறார்கள். தூர நின்று பார்த்தால், றோமைப் பார்த்த கண்ணே ஒரு நிமிடம் ஏமாறும்.

மரியரட்ணமும் ஒரு நிமிடம் ஏமாந்தார். மேடைப் படியில் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒருவர் இருந்தார். பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. ஏரிக் காற்றில் அவருடைய சட்டை உடம்போடு ஒட்டி, எலும்பைக் காட்டியது.

இருவரும் ஒரு கல் வளைவின் பின்னால் நின்றார்கள்.

“தனியாத்தான் இருக்கார்,” என்று பரணி கிசுகிசுத்தான். “இத்தாலிக்காரிக்கு இன்னிக்கு லீவு போல.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, காரை நிறுத்திவிட்டு ஓர் இளம்பெண் புல்லின் குறுக்கே நடந்து வந்தாள். கழுத்தில் கமரா. கையில் ஆண்கள் அணியும் ஒரு புதுச் சட்டை, விலைத்துண்டோடு. நேரே கிழவரிடம் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

“அடப்பாவி மனுஷா,” என்றான் பரணி. “நம்ம வயசுப் பொண்ணு சார். எனக்கே ஒண்ணும் அமையல.”

மரியரட்ணம் அவனுடைய கையைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கூர்மையான நாடியை அவர் காலையில்தான் குடும்பப் படத்தில் பார்த்திருந்தார்.

“இந்தச் சேட்டைப் போடுங்கோ,” என்றாள் அவள். “எல்லாப் படத்திலையும் ஒரே சேட்டு எண்டு அம்மா கேக்கிறா. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கோ அப்பா, பின்னாலை குப்பைத்தொட்டி விழுது.”

பரணியின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போய் ஒளிவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

மரியரட்ணம் வளைவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தான் யார் என்றும், யார் அனுப்பி வந்தேன் என்றும் மறைக்காமல் சொன்னார். கௌசி கமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். கிழவர் மட்டும் அசையவில்லை.

“வாருங்கோ,” என்றார் நவரட்ணம் மாஸ்ரர். “இருங்கோ. நாங்கள் இண்டைக்குப் பிரான்சிலை நிக்கிறம்.”

யாரும் சிரிக்கவில்லை. பரணிக்குச் சும்மா நிற்க முடியாது. “சாப்பிட்டுட்டு இருந்தீங்களா சார்? தொந்தரவு பண்ணிட்டோமா?”

“இல்லைத் தம்பி, முடிஞ்சுது. மத்தியானம் ஒருநேரம்தான். நண்பன் தியாகலிங்கத்தின்ரை பேஸ்மன்ற் கிட்டத்தான், அங்கை நானே ஒரு சோறும் பூசணிக்காயும் காய்ச்சிறனான்.”

“ஏன் மாஸ்ரர் வீட்டிலை இல்லை?” என்று மரியரட்ணம் கேட்டார்.

மாஸ்ரர் மகளைப் பார்த்தார். மகள் புல்லைப் பார்த்தாள்.

“நான் சொல்றன் அங்கிள்,” என்றாள் கௌசி. “அப்பா ஃப்ளைட் ஏற இருந்ததுக்கு முதல்நாள் என்ரை செல்லுக்கு ஒரு கோல் வந்தது. வவுனியாவிலை இருந்து. அண்ணாவோடை படிப்பிச்ச ஒரு ரீச்சர். சண்டை நடந்த மாத்தளனிலை இருந்து வெளியாலை வந்தவ. பங்கருக்குக் கிட்ட ஷெல் விழுந்ததாம். அவதானாம் மண்ணைத் தோண்டி அண்ணாவைத் தாட்டவ. செத்த வேறை ரண்டு பேரோடை சேத்து.” அவள் குரல் ஒரு பாடத்தை ஒப்புவிப்பதுபோலவே இருந்தது. எத்தனை தரம் தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். “அப்பாட்டை மட்டும்தான் சொன்னனான்.”

“அம்மாவிட்டை?”

“என்ரை வெடிங் ஏற்கெனவே ஒருக்காத் தள்ளிப்போட்டது அங்கிள். அண்ணா வரட்டும் எண்டு அம்மாதான் தையிலை நிப்பாட்டினவ. இப்ப இதைச் சொன்னால் ஒரு வருசத்துக்கு ஒண்டும் நடவாது. மாப்பிள்ளை வீட்டார் பொறுக்க மாட்டினம். சாவு வீட்டுப் பெட்டை எண்டு சொல்லுவினம்.” அவள் நிறுத்தினாள். அது மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும். எதிரில் நிற்பவருக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. “அம்மா செத்துப்போவா எண்டு பயந்தன். ரெண்டும்தான். எது முதல் எண்டு கேக்காதேங்கோ. அண்ணாவை இன்னும் ஒரு மாதம் உயிரோடை வைச்சிருங்கோ எண்டு அப்பாட்டைக் காலிலை விழுந்து கேட்டனான்.”

ஏரியிலிருந்து காற்று வந்து தூண்களுக்குள் புகுந்து போனது.

“நான் ஓமெண்டிட்டன்,” என்றார் மாஸ்ரர். “ஆனா அவளின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள்ளை இருக்க என்னாலை ஏலாது. டிக்கெற் கையிலை இருந்தது. எயார்போட்டுக்கு எண்டு வெளிக்கிட்டு இஞ்சை வந்திட்டன். மகன் செத்ததுக்கு ஒரு மாதமாவது துக்கம் காக்க வேணும். வீட்டிலை காக்க ஏலாது.” அவர் பக்கத்துத் தூணைத் தட்டினார். “நல்ல வேலைப்பாடு. வங்கியின்ரை தூண். இருவது வருசம் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான், றோமர் கார்த்தேஜை எப்பிடி அழிச்சவை எண்டு. முதல் சுத்தி வளைக்கிறது. பேந்து சாப்பாட்டை மறிக்கிறது. பேந்து கடற்கரைக்கு ஒதுக்கிறது. கரும்பலகையிலை ஒண்டு, ரண்டு, மூண்டு எண்டு போட்டனான். வடிவா எழுதின பிள்ளையளுக்கு நல்ல புள்ளியும் குடுத்தனான்.”

பரணி கீழே குனிந்து, அவிழாத சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“சனம் என்னைத் திட்டுதாம்,” என்றார் மாஸ்ரர். “ஊர் எரிய றோம் பாக்கப் போனவன் எண்டு. திட்டட்டும். அது எனக்குச் சுகம். ஆனா பின்னேரத்திலை தியாகலிங்கம் ரீவியைப் போடுவான். அதிலை அவள் நிக்கிறாள், படத்தைத் தூக்கிக்கொண்டு. செத்த பிள்ளையைத் தேடித் தா எண்டு ஊரைக் கேக்கிறாள். அவன் எங்கை எண்டு எனக்குத் தெரியும். நான் சோபாவிலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்.” கண்ணை மரியரட்ணத்தின் மேல் நிறுத்தினார். “நீங்கள் வேதக்காரர். நீங்களே சொல்லுங்கோ, இதுக்கு எந்த இடத்திலை மன்னிப்பு எடுக்கிறது?”

கௌசி மரியரட்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் குளிர்ந்து கிடந்தன.

“கலியாணம் முடியட்டும் அங்கிள். அண்டைக்குப் பின்னேரமே நான் சொல்லுவன். ப்ளீஸ்.”

*

“என்ன சொல்லப் போறீங்க சார்?” டவுன்ரவுனில் காரை நிறுத்திய பிறகுதான் பரணி கேட்டான்.

“அவ கேட்டது ஒரு மனிசி இருக்கோ எண்டு. இல்லை. அதைச் சொல்லுவன். மிச்சத்துக்கு ஒரு பொய் வைச்சிருக்கிறன். பிளேனைத் தவறவிட்டவர், சனம் சிரிக்கும் எண்டு வெக்கத்திலை ஒளிச்சிருக்கிறார்.”

“நம்புவாங்களா?”

“வாத்தியார்மாரின்ரை வெக்கம் எங்கடை சனத்துக்குத் தெரியும்.”

யூனிவேர்சிட்டி அவெனியூ முழுக்கச் சனம். பறை அடித்த கைகள் களைத்து மெதுவாகியிருந்தன. தள்ளுவண்டிகளில் குழந்தைகள் கோஷத்துக்கு நடுவே நித்திரை. வெள்ளைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒதுங்கிப் போனார்கள். இரும்புத் தடுப்போரமாகப் பாலேஸ்வரி நின்றார். தடியில் கட்டிய படம் தலைக்கு மேலே. ராகுலன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான், பட்டமளிப்பு உடுப்போடு.

மரியரட்ணம் அவரை ஒரு மரத்தடிக்குக் கூட்டிவந்து, ஆயத்தம் செய்து வந்த பொய்யை நன்றாகவே சொன்னார். பிளேன், வெட்கம், தியாகலிங்கத்தின் பேஸ்மன்ற், பூங்காவில் எடுத்த படங்கள், வழிப்போக்கர்களிடம் கமராவைக் கொடுத்து எடுத்ததாக.

“வேறை மனிசி ஒருத்தியும் இல்லைத் தங்கச்சி. மாதா சத்தியமா.”

அந்த முகம் தெளியும் என்று மரியரட்ணம் எதிர்பார்த்தார். தெளியவில்லை. அடியில் யாரோ மண்ணை இழுத்ததுபோல் அது மெல்லச் சரிந்தது.

“வடிவாப் பாத்தனியளோ அண்ணை?” என்றார். கெஞ்சுகிற குரல். “ஒருத்தியும் இல்லையோ? உள்ளுக்கை எங்கையும் இருந்திருப்பாள்.”

“இல்லை.”

பாலேஸ்வரி பரணியின் பக்கம் திரும்பினார். “தம்பி, நீர் சொல்லும். மனிசன் சாப்பிடுறாரோ?”

ஒரு பெண் தன் புருஷனைப்பற்றிக் கேட்கிற கேள்வி. வழிநெடுகப் பகிடி ஒன்றும் வராமல் தவித்த பரணிக்கு, ஆறுதலாக ஒன்று சொல்லக் கிடைத்ததே என்றிருந்தது. “அதெல்லாம் நல்லா சாப்பிடறார் ஆன்ட்டி, கவலைப்படாதீங்க. அவரே சமைக்கிறார். சோறு, பூசணிக்காய். மத்தியானம் ஒருவேளைதான், ஆனா வயிறாரச் சாப்பிடறார்.”

“ஒருநேரம்,” என்றார் பாலேஸ்வரி.

“ஆமா ஆன்ட்டி.”

“மரக்கறி. தானே காய்ச்சி.”

பரணியின் வாய் திறந்தபடி நின்றது. மரியரட்ணத்துக்குப் புரிய இன்னும் ஒரு மூச்சு எடுத்தது. கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் பிறந்த அவருக்கும், மதுரையிலிருந்து வந்த அவனுக்கும் அது ஒரு கிழவரின் மத்தியானச் சாப்பாடு. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டு மனிசிக்கு அது துக்கம் காக்கிறவர் தாடி மழிக்காமல் உண்ணுகிற செத்த வீட்டுச் சோறு.

பாலேஸ்வரி தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நிலத்தில் ஊன்றினார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

“தாடியைக் கண்ட அண்டைக்கே என்ரை நெஞ்சு சொன்னது,” என்றார். “நான் அதின்ரை வாயைப் பொத்தினன். தாடி வேறை எதுக்கும் வைக்கலாம்தானே அண்ணை? முருகா, அவர் ஒருத்தியோடை போயிருக்கட்டும், ஒரு வெள்ளைக்காரியோடை போயிருக்கட்டும், நான் உனக்குக் காவடி எடுக்கிறன் எண்டு நேந்தனான். அப்பிடி ஒருத்தி இருந்தால் என்ரை பிள்ளை இருப்பான். அவளைக் கண்டுபிடிச்சுத் தருவியள் எண்டுதான் உங்களிட்டை வந்தனான்.”

மரியரட்ணம் தொப்பியைக் கழற்றினார்.

“எப்ப?”

“சித்திரையிலை.”

“தாட்டதோ? சும்மா கிடந்ததோ?”

“தாட்டது. கூடப் படிப்பிச்ச ரீச்சர் ஒராள் தாட்டவ.”

அவர் தலையை ஆட்டினார். கூலிக்குக் கொடுத்த வேலை சரியாக நடந்ததா என்று விசாரிப்பவர்போல. பிறகு, மிக மெதுவாக, “படம் எடுத்தது கௌசியோ?” என்றார்.

பொய் சொல்லத் தெரிந்த இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதுவே பதில்.

பறைச் சத்தம் திரும்பவும் உரத்தது. தமிழ்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு தடுப்போரமாக வந்துகொண்டிருந்தார். பாலேஸ்வரி அதைக் கண்டார். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“எனக்குத் தெரியுமெண்டு கௌசிக்குச் சொல்லாதேங்கோ,” என்றார். “அவருக்கும் வேண்டாம். கலியாணம் நடக்கட்டும். மிஞ்சினது அவள் ஒருத்திதான்.”

“தங்கச்சி, வீட்டை போவம். பரணி கொண்டுபோய் விடுவான்.”

“இண்டைக்கு நான் இதிலை நிக்காட்டி, பின்னேரம் ரீவியைப் பாத்து அவளுக்கு விளங்கீடும்.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். சனம் விலகி அவருடைய பழைய இடத்தைக் கொடுத்தது. தடியை நிலத்திலிருந்து எடுத்து, படத்தை நேராக்கி, கமரா வருகிற பக்கமாகத் திருப்பித் தலைக்கு மேலே உயர்த்தினார். என் பிள்ளை எங்கே என்று கூட்டம் கேட்டபோது, எல்லோரையும்விட உரத்துக் கேட்டது அவருடைய குரல்தான்.